ஏழாம் கேள்வி

கல்முனை ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை.
ஒரு மேசை, ஒரு ஐஸ் பெட்டி,
முந்நூறு படிவம், நான்.
ஏழாம் கேள்வி: பிறந்த பருவம்.
இரண்டே கட்டம். மாரி. கோடை.

கொழும்பிலிருந்து வந்த டொக்டர்
முதல் நாளே விளங்கப்படுத்தினார்:
தாய் வெயில் காணாத மாதங்களில்
வயிற்றில் கிடந்த பிள்ளைக்கு
வளர்ந்த பிறகும்
விட்டமின் டி குறைவாக இருக்கலாம்.
"இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், மிஸ்.
அதைப் பார்க்கத்தானே இந்த ரத்தம்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
கச்சான் காற்றில் தார் உருகும் ஊர்.
இங்கே வெயிலுக்கா பஞ்சம்?

பாண்டிருப்பு வெள்ளைக்குட்டி
கையை நீட்டினார்.
கடல் காய்ச்சிய கை, நரம்பு தேட வேண்டியதில்லை.
எப்ப பிறந்தீங்க?
"எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு மூணாம் நாள், புள்ள.
கடகத்துக்குள்ள வெச்சிருந்தவவாம் அம்மா.
கூரை பறந்திட்டு.
வெயில் மட்டும் உள்ளுக்கு வரல்ல."
மாரியில் சரி போட்டேன்.
அவ்வளவு லேசாக இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

சாய்ந்தமருது சுலைஹா உம்மா
நோன்பில் பிறந்தவர்.
எந்த வருஷம்?
"வருஷம் ஆருக்குத் தெரியும் மகள்,
இருவத்தேழாம் நோன்பு, அது தெரியும்."
நோன்பு மழைக்குள்ளும் வரும்,
கச்சானுக்குள்ளும் வரும்,
பிறை இழுத்த இழுப்புக்கு
முப்பத்துச்சொச்சம் வருடத்தில் ஒரு சுற்று.
என் பேனா நடுக்கோட்டில் நின்றது.
எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"ரெண்டுலயும் போடுங்களன்,
ஒள்ளுப்பம் ஒள்ளுப்பம்."

ஆதம்பாவா, வெள்ளாமை வெட்டக்குள்ள பிறந்தவர்.
மாரி வெள்ளாமையா, கோடை வெள்ளாமையா?
அவருக்குக் கோபம் வந்துவிட்டது.
"வயல் எங்கடயா, கணக்கு வெச்சிருக்க?
உம்மா ரெண்டையும் வெட்டினவ."

கடைசி நாள், குழாய் ஒன்று மிச்சம்.
றிஸ்மியா என் கையில் ஏற்றினாள்.
படிவத்தை நானே நிரப்பினேன்.
பெயர், நிறை, உயரம்,
ஒரு நாளைக்கு எத்தனை மணி வெயிலில்.
(பஸ் தரிப்பில் நிற்பதைச் சேர்ப்பதா?)
ஏழு வந்தது.

பிறப்புச் சாட்சிப் பத்திரம் சொல்கிறது: யூலை பன்னிரண்டு.
பள்ளிக்கூடத்துக்கு வயது காணாமல் போனதால்
கந்தோரில் அப்பா கேட்டு வாங்கிய திகதி அது.
ஆறு மாதம் கூட்டிவைத்தார் எனக்கு.
கடதாசியில் நான் முதல் அழுத அன்று
அம்மாவுக்கு மூன்று மாதம்,
பழஞ்சோற்றை வாந்தியெடுத்துக்கொண்டிருந்தா
சவளக்கடையில்.

உண்மையில் நான் வந்தது தை வெள்ளத்தில்.
கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணி,
உழவு மெஷின் பெட்டியில் படங்குக்குக் கீழே அம்மா,
அதற்குள்ளே நான்,
மூடிக்குள் மூடி.
கார்த்திகை தொடங்கி
சீலை ஒன்றுகூடக் காயவில்லையாம்.

டொக்டரிடம் கேட்டேன்.
"பத்திரத்தில் இருப்பதை எழுதுங்கள் மிஸ்,
எல்லாருக்கும் ஒரே விதி."
கோடையில் சரி போட்டேன்.

மூன்று கிழமை கழித்து முடிவு வந்தது.
வெள்ளைக்குட்டிக்கு முப்பத்தொன்று.
சூறாவளிப் பிள்ளை, கடல் போட்டு நிரப்பியிருக்கிறது.
சுலைஹா உம்மாவுக்குப் பதினாறு.
எனக்கு ஒன்பது.
மாரியா, மஞ்சள் பல்பா,
காலை ஏழுக்கு உள்ளே போய்
பின்னேரம் ஆறுக்கு வெளியே வரும் வேலையா,
ஒன்பதுக்குள் எது எவ்வளவு என்று
எந்த மெஷினும் பிரித்துத் தராது.

வரைபடம் கீறுவார்கள்.
கோடைப் பிள்ளைகளின் பக்கம்,
எல்லாரும் மேலே கூடி நிற்க,
கீழே தனியே ஒரு புள்ளி கிடக்கும்.
பிழை என்று யாராவது அழிக்கப் பார்க்கலாம்.

அழிக்கட்டும்.
மாத்திரை கிழமைக்கு ஒன்று, எட்டுக் கிழமை.
மத்தியானச் சோற்றுப் பெட்டியை
இப்போது ஜெனரேட்டருக்கு அங்கால் கொண்டுபோய்
வெயிலில் நின்று தின்கிறேன்.
றிஸ்மியா கேட்கிறாள்,
ஏன்டி கறுக்கிறாய்?